மூன்றாவது கோடு

மாலை ஐந்தரைக்குப் பாளை வெடித்தது.
சத்தம் ஒன்றும் இல்லை,
பழஞ்சட்டையின் தையல் விடுவதுபோல் ஒரு கீறல்,
அதற்குள் தந்த நிறம்.
பரண்மேல் குந்தியிருந்தேன்
கைவிளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டி.
மடியில் குறிப்பேடு: ஒரு பத்தி ஆண், ஒரு பத்தி பெண்.
இரவுக்கு அறுபது சோல்.
முதல் பக்கத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள்:
தெல்மிரா முராயாரி.

பிஹுவாயோவின் கதிரில்
மும்மூன்றாய் உட்கார்ந்திருக்கின்றன பூக்கள்,
இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்,
சின்னப் படகில் நெருக்கியடித்து.
தோள் உரசினாலும் அவர்களால் அவளுக்குப் பயனில்லை.
அவள் இன்றைக்கே திறந்துவிட்டாள்.
அவர்களுக்குப் பொழுது விடிவது
நாளை மாலையில்.

இருட்டியதும் கதிரைத் தொட்டேன்.
இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன
நாற்காலியின் சூடு.
வாசனைக்கு வந்தன எள்ளளவு வண்டுகள்,
முதுகில் வேறெங்கோ நிற்கும் மரத்தின் பொடி.
அந்த வேறெங்கோவை
எந்தப் பத்தியில் எழுதுவது?

மறுநாள் அதே நேரம் ஆண்பூக்கள் திறந்தன.
அரைமணிதான்.
பிறகு மொத்தமாய்க் கொட்டின
என் தலையில், விரித்த தார்ப்பாயில்,
தகரக் கூரைமேல் அரிசி விழும் ஓசையோடு.
பொடி பூசிக்கொண்டு வண்டுகள் கிளம்பிவிட்டன.
கூட்டி அள்ளினால் மூன்று சட்டி.
எண்ணி முடிக்க விடிந்துவிட்டது.
(யரீனாவில் ஒரே ஆண்பூவுக்குள் நூற்றுக்கணக்கில் தாள்.
அதை எண்ணச் சொன்னபோது மட்டும்
கூலி கூட்டிக் கேட்டேன்.)

அகுவாஹே இப்படியில்லை.
ஆண் தனி மரம், பெண் தனி மரம்.
பூக்கும்வரை யாருக்கும் தெரியாது,
மரத்துக்கும்தான்.
ஏழெட்டு வருஷம் சேற்றில் கால் புதைய நின்று
ஒருநாள் அலகு விடும், அல்லது குலை தள்ளும்.
அந்தப் பழம் தின்னும் ஆம்பிளைக்கு
இடுப்பு பெருக்குமென்று படகுத்துறையில் சிரிப்பார்கள்.
தின்பதை நிறுத்தியவனை நான் கண்டதில்லை.

போன வருஷம் சதுப்புக்குள்
பத்தொன்பது பெண்மரம் கண்டேன்.
ஒவ்வொன்றுக்கும் நீல நாடா கட்டினேன்.
போக வர வழுக்காமல்
மரத்துக்கு மரம் பலகை போட்டேன்.
நன்றாகவே போட்டேன்.

ஆகஸ்டில் என் கொழுந்தன் ஹெர்மோஹெனெஸ்
ரம்பத்தோடு அந்தப் பலகைமேல் நடந்தான்.
ஏறிப் பறித்தால் ஒரு மணி நேரம்,
சாய்த்தால் ஐந்து நிமிஷம்.
மூட்டைகள் இகீட்டோஸ் போயின.
"அண்ணி, உங்க நாடா இல்லேன்னா
ரெண்டு நாள் சேத்துல திரிஞ்சிருப்போம்."
கேலி இல்லை. நன்றிதான் சொன்னான்.
எங்கள் வீட்டுக்கும் ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போனான்.
தின்றோம். நல்ல பழம்.

இப்போது அங்கே இருபத்தாறு மரம்,
அத்தனையும் ஆண்.
பருவம் தவறாமல் அலகு விடுகின்றன,
காரட் நிறப் பூ, சேறெல்லாம் பொடி.
வண்டுகள் வருகின்றன, மேய்கின்றன,
சுமந்துகொண்டு புறப்படுகின்றன.
எங்கே என்று கேட்க எனக்கு முகமில்லை.

லீமாவிலிருந்து வந்த அம்மாள்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பெண்: பூஜ்யம். கைப்பிழையா, தெல்மிரா?"
கை என்னுடையதுதான் என்றேன்.

நேற்றுப் போய்ப் பலகைகளைப் பெயர்த்தேன்.
வெட்டிய அடிமரம் ஒன்றின் அருகே,
பாதி தண்ணீருக்குள், முளை மூன்று.
ஓலை இன்னும் விசிறியாகவில்லை.
இடுப்பில் நாடாச் சுருள் இருந்தது.
அது அங்கேயே இருக்கட்டும்.
குறிப்பேட்டில் இரண்டு பத்திக்கும் அப்பால்
கையாலேயே கோடு ஒன்று இழுத்து
மேலே எழுதினேன்: தெரியாது.
அதன்கீழே: மூன்று.

இடம் என்று ஒரு கட்டம் உண்டு.
அதில் ஒன்றும் எழுதவில்லை.